சர்ப்பகந்தா முதல் மருதம்பட்டை வரை: தேறிய மூலிகைகளும் தேறாத மூலிகைகளும்

உயர் ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் நம்பி எழுதிக்கொடுத்த முதல் சில மாத்திரைகளில் ஒன்று நம் நாட்டுக் காட்டு வேரிலிருந்து வந்தது. இமயமலை அடிவாரத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் முளைக்கும் சர்ப்பகந்தா என்ற குத்துச்செடியின் வேர் அது. சிவன் அமல்பொடி என்றும் தமிழில் சொல்வதுண்டு. பாம்புக்கடி, தூக்கமின்மை, புத்தி பேதலிப்பு எல்லாவற்றுக்கும் இந்த வேரை இடித்துக் கொடுப்பது நாட்டு வைத்தியத்தில் நெடுநாள் வழக்கம். பீகார்ப் பக்கம் இதற்குப் 'பாகல் கி தவா' என்றே பெயர், பைத்தியத்துக்கு மருந்து.

இன்று பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்று மூலிகைப் பொடி, சாறு, கேப்ஸ்யூல் விற்காத தெரு இல்லை. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு, ஆன்லைனில் மருதம்பட்டைப் பொடி, மருந்துக்கடை கவுண்டரில் பூண்டு கேப்ஸ்யூல். வாங்குகிறவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயுள் முழுக்க மாத்திரை என்று டாக்டர் சொன்னதும் வரும் பயம் உண்மையானது. செடியிலிருந்து வீரியமுள்ள மருந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பொய்யில்லை. சர்ப்பகந்தாவே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வேர் மாத்திரையாக ஆவதற்கு என்னென்ன தாண்டி வந்தது என்று பார்த்தால்தான், இன்று டப்பாவில் விற்கும் பொடிகளில் பெரும்பாலானவை எதைத் தாண்டவில்லை என்பது புரியும்.

வேர் மருந்தான கதை

1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இந்த வேர் மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் கேட்கிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து ஆல்கலாய்டுகள் என்னும் வீரியமான வேதிப்பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு, தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரையே வைத்து அஜ்மலின் என்றார். இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டறியும் சோதனைக்கு அஜ்மலின் இன்றும் பயன்படுகிறது. 1934-ல் ஹிமாலயா நிறுவனம் வேரை வைத்து 'செர்பினா' மாத்திரையைக் கொண்டுவந்தது.

இதெல்லாம் இந்தியாவுக்குள்ளேயே கிடந்தது. வெளி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல். லண்டனில் படித்துத் திரும்பியவர். பல ஆண்டுகள் தன் நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து குறித்து வைத்தவர். 50 நோயாளிகளின் விவரங்களோடு 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரிலிருந்த முக்கியமான ஆல்கலாய்டைப் பிரித்து ரிசர்பின் என்று பெயரிட்டு, 'செர்பசில்' மாத்திரையாக விற்கத் தொடங்கினார்கள். 1956-ல் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் உட்வர்ட் செடியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் ரிசர்பினைச் செய்து காட்டினார். 1957-ல் வகீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

கதையில் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். வேரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. எந்த மண்ணில் வளர்ந்தது, எந்தப் பருவத்தில் தோண்டியது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றின் அளவும் மாறும். ரிசர்பினோ, ஒரு நாளைக்கு 0.1 முதல் 0.25 மில்லிகிராம் போதும் என்கிற அளவுக்கு வீரியமானது. அளவு கூடினால் ஆபத்து. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினை அது காலி செய்துவிடுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கும் உத்தரவு நின்றுபோய் அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் அதே வேலை நடப்பதால் சோர்வும், சிலருக்குக் கடும் மனச்சோர்வும் வந்தன. தொடக்க காலத்தில் அளவு அதிகமாகக் கொடுக்கப்பட்டபோது இந்தப் புகார்கள் குவிந்தன. மூக்கடைப்பு இன்னொரு தொல்லை. (மூளையைத் தொட்ட பக்கவிளைவிலிருந்தும் ஒரு நன்மை வந்தது. ரிசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களை எல்-டோபா கொடுத்து எழுப்பிக் காட்டிய ஆர்வித் கார்ல்சன், மூளையில் டோபமின் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தார். பார்க்கின்சன் நோய்க்கு மருந்து பிறந்தது; கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசும்.)

குறைந்த அளவில் சிறுநீர் பெருக்கி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் ரிசர்பின் நன்றாகவே வேலை செய்தது. 1960-களில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த புகழ்பெற்ற சோதனையில், அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதமும் மரணமும் குறையும் என்று நிரூபித்த மருந்துக் கூட்டணியில் ரிசர்பினும் இருந்தது. பின்னர் தொல்லை குறைந்த மருந்துகள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. காட்டில் வேர் தோண்டியவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. 1990 முதல் சர்ப்பகந்தா, அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

ஆக, ஒரு செடி மருந்தாவதற்கு நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டியிருந்தது. உள்ளே வேலை செய்யும் பொருள் எது? எவ்வளவு? யாரிடம் சோதித்தார்கள்? என்ன கெடுதல் செய்தது? 'ஆயிரம் ஆண்டு பாரம்பரியம்' என்ற வாசகம் இந்த நான்கில் எதற்கும் பதிலாகாது.

குக்குலுவின் ஏற்றமும் சறுக்கலும்

கொலஸ்ட்ரால் பக்கம் இதே போன்ற இந்தியக் கதை ஒன்று உண்டு. முடிவுதான் வேறு. ராஜஸ்தான், கட்ச் பகுதிகளின் வறண்ட நிலத்தில் வளரும் ஒரு முட்புதரின் பட்டையைக் கீறினால் வடியும் பிசின் குக்குலு. உடலில் கொழுப்பு மிகுந்து நாளங்கள் அடைபடும் நிலையைச் சுசுருத சம்ஹிதை விவரிப்பதையும், அதற்குக் குக்குலுவைச் சொல்வதையும் படித்த ஜி.வி. சத்தியவதி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொழுப்பை ஊட்டி, குக்குலுவையும் கொடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது. 1966-ல் அதுவே அவருடைய பட்ட ஆய்வேடு. பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தலைமை இயக்குநராக உயர்ந்தார். பழைய நூலைக் கும்பிட்டு மூடிவைக்காமல் சோதனைக்கு இழுத்து வந்த அவருடைய துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிசினைச் சுத்திகரித்துக் 'குக்குலிபிட்' என்ற சாறாக்கியது. 1980-களில் அது இந்தியாவில் கொலஸ்ட்ரால் மருந்தாகவே அனுமதி பெற்றது. இந்தியாவில் நடந்த சோதனைகளில் நல்ல முடிவுகள். அமெரிக்கக் கடைகளிலும் கேப்ஸ்யூல்கள் நிறைந்தன. அது கல்லீரலில் எந்த ஏற்பியைத் (ரிசெப்டாரை) தொடுகிறது என்றுகூட 2002-ல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே சறுக்கியது. அமெரிக்காவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2003-ல் 'ஜாமா' இதழில் வந்தது. எது குக்குலு, எது வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு 4 முதல் 5 சதவீதம் ஏறியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்திய உணவுக்கும் அமெரிக்க உணவுக்கும் உள்ள வேறுபாடு காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. இருக்கலாம்தான். ஆனால் அதைச் சொன்னவர்கள் அதே கண்டிப்போடு இங்கே ஒரு பெரிய சோதனையை நடத்திக் காட்டியிருக்க வேண்டும். இதற்கிடையே பிசினுக்காகக் கண்டபடி கீறப்பட்ட புதர்கள் காய்ந்து மடிந்தன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் குக்குலு இன்று மிக அருகிய இனம்.

வெற்று மாத்திரையாலேயே கொழுப்பு 5 சதவீதம் குறைந்ததே, அது எப்படி? சோதனையில் சேர்ந்தவர் யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று உணவில் கொஞ்சம் கட்டுப்பாடாக இருப்பார். ரத்த அழுத்தத்தில் இந்த மாயம் இன்னும் அதிகம். ஒருவர் பதற்றத்தோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது 160 காட்டுகிறது. பயந்துபோய் ஊறுகாயை நிறுத்துகிறார், நடக்கத் தொடங்குகிறார், கூடவே ஒரு பொடியும் சாப்பிடுகிறார். அடுத்த மாதம் 145. பெயர் வாங்கிக்கொள்வது பொடி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது உண்மை. பொடியால் நடந்ததா என்பதற்கு மட்டும் அதில் ஆதாரம் இல்லை. வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் சோதனை வேண்டும் என்று மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

பூண்டு, மருதம், செம்பருத்தி

சரி, நம் வீடுகளில் புழங்குபவை எப்படி?

பூண்டைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ளவர்களுக்குப் பூண்டுச் சாறு ஓரளவு அழுத்தத்தைக் குறைக்கிறது என்று சிறிய சோதனைகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கொலஸ்ட்ராலில் கதை பலவீனம். 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 192 பேருக்குப் பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி, பதப்படுத்திய பூண்டுச் சாறு என்று பிரித்து ஆறு மாதம் கொடுத்தார்கள். எல்.டி.எல். எதற்கும் அசையவில்லை. குழம்பில் போடும் பூண்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். கேப்ஸ்யூலாக அடர்த்தியாகச் சாப்பிடுகிறவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளும் எடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மருதம்பட்டைக்கு இதயத்தோடு உறவு மிகப் பழையது. 2001-ல் ஜெய்ப்பூரில் 105 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், 30 நாள் பட்டைப் பொடி சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் பட்டைப் பொடி சாப்பிட்டவர்கள் 35 பேரே, காலமும் ஒரே மாதம். இதயம் பலவீனமானவர்களுக்குப் பட்டைச் சாறு கொடுத்து டெல்லி எய்ம்ஸ் நடத்திய 12 வாரச் சோதனையில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் கூடவில்லை. மருதம் இன்னும் தேர்வு மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. தேறிவிட்டது என்று டப்பாவில் அச்சடிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

செம்பருத்தி டீயில் இருப்பது ஆள்மாறாட்டம். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 65 பேருக்குத் தினம் மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் கொடுத்து, மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளிகள் குறைந்தது என்று 2010-ல் எழுதினார்கள். வெறும் நிறமேற்றிய பானம் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளி சொச்சம். மதிக்கத்தக்க சோதனை. ஆனால் அவர்கள் கொடுத்தது ஆந்திரத்து கோங்குரா இனச் செடியின் சிவந்த புல்லிவட்டம். நம் வீட்டு வாசலில் பூத்து, சாமிக்கும் தலைமுடிக்கும் போகும் செம்பருத்தி வேறு செடி. அந்த ஆய்வின் பெயரைச் சொல்லி இந்தப் பூவை விற்கிறார்கள்.

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு மருந்துக்கூர்க்கன் கிழங்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தம் போட்டுப் பயிரிட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். இதன் கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை 1970-களில் பம்பாயில் ஹோக்ஸ்ட் நிறுவனத்தாரும் லக்னோ மத்திய நிறுவனத்தாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டெடுத்தார்கள். உயிரணுவுக்குள் ஒரு நொதியை நேரடியாகத் தூண்டி ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் அபூர்வமான பொருள் அது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் உயிரணு ஆராய்ச்சிக்கு அன்றாடக் கருவி. இதன் மாற்று வடிவம் ஒன்று ஜப்பானில் இதயச் செயலிழப்புக்கு ஊசி மருந்தாக வந்தது. பிரஷர் மாத்திரையாக மட்டும் வரவே இல்லை. ஆத்தூர் மண்ணில் விளைந்தது இன்று உடல் இளைக்கும் கேப்ஸ்யூலாக அமெரிக்கக் கடைகளில் விற்கிறது என்பது வருத்தமான செய்தி.

ஸ்டாட்டினுக்குப் பயந்து ஸ்டாட்டினையே சாப்பிடுவது

'ஸ்டாட்டின் கெமிக்கல், நான் இயற்கை மருந்துதான் சாப்பிடுவேன்' என்பவர்களுக்கு ஒரு தகவல். கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர்கள் எழுதித்தரும் ஸ்டாட்டினும் இயற்கையில் பிறந்ததே. டோக்கியோவில் சாங்க்யோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சலித்து, 1973-ல் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையில் முதல் ஸ்டாட்டினைக் கண்டார். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நொதியை அது தடுக்கிறது. தன் தேவைக்குக் கல்லீரல் ரத்தத்திலிருந்தே எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கிறது. முதலில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டினும் பூஞ்சைச் சரக்குதான். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சீனாவில் அரிசியில் ஒரு பூஞ்சையைப் புளிக்கவைத்துச் சிவப்பு ஈஸ்ட் அரிசி செய்வது பழைய வழக்கம். அதிலுள்ள மோனகோலின் கே, லோவாஸ்டாட்டினேதான். அணுவுக்கு அணு ஒன்று. இயற்கை மருந்து என்று அந்தக் கேப்ஸ்யூலை வாங்குகிறவர் ஸ்டாட்டினைத்தான் விழுங்குகிறார், எவ்வளவு என்று தெரியாமல். அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 28 பிராண்டுகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள்: இரண்டில் மோனகோலின் அறவே இல்லை, மற்றவற்றில் அறுபது மடங்கு வரை ஏற்றத்தாழ்வு. 2024 மார்ச்சில் ஜப்பானில் கோபயாஷி நிறுவனத்தின் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தயாரிப்பில் வேறொரு பூஞ்சை புகுந்து நச்சுப் பொருளை உண்டாக்கியிருந்தது. தரக்கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன ஜப்பானிலேயே இந்தக் கதி.

நேருக்கு நேர் மோதவிட்டும் பார்த்திருக்கிறார்கள். 2022-ல் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 190 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி இவற்றில் ஒன்று அல்லது வெற்று மாத்திரை என்று 28 நாள் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் பிரிவில் எல்.டி.எல். 37.9 சதவீதம் இறங்கியது. மற்ற ஆறில் எதுவும் வெற்று மாத்திரையை வெல்லவில்லை. ரோசுவாஸ்டாட்டின் தயாரிக்கும் நிறுவனமே இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது என்பதையும், 28 நாள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியும் 38-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. ஸ்டாட்டினால் சிலருக்குத் தசைவலி வரும், சர்க்கரை வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதெல்லாம் எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட குறைகள். பொடி டப்பாவின் குறைகளை எண்ணியவர் யார்?

தாவரங்களில் கொலஸ்ட்ராலைக் குறைப்பதாக நன்கு நிரூபணமானது மிகச் சாதாரணமான ஒன்று: கரையும் நார்ச்சத்து. மலச்சிக்கலுக்கு வாங்கும் இசப்கோல், ஓட்ஸ் இரண்டிலும் அது உண்டு. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தம் செய்யக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது. பலன் 5 முதல் 10 சதவீதம். மாத்திரைக்கு மாற்றாகாது, துணையாகும்.

அழுத்தத்தை ஏற்றும் மூலிகை

மூலிகை குணமாக்காவிட்டாலும் கெடுதல் செய்யாது என்பது நம் ஊரில் ஊறிப்போன எண்ணம். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமே இதை உடைக்கப் போதும். அதிலுள்ள கிளிசரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியை முடக்கி, உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. இரண்டு நாள் இருமலுக்குச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. பிரஷர் உள்ளவர் வாரக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று டாக்டரே குழம்புவார். அழுத்தத்தைக் குறைக்கும் மூலிகையும் மாத்திரையோடு சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். கலப்படம் தனி அத்தியாயம்: பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை 2004-ல் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

இதைச் சொல்லும்போது சித்த மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்தரை ஆண்டு படித்துப் பதிவு செய்து, நாடி பார்த்து, பிரஷரும் அளந்து, தேவைப்பட்டால் வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சித்த மருத்துவர் வேறு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. யாரென்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் எண் கொடுத்து கூரியரில் பொடி அனுப்புகிறவர் வேறு. ரத்த அழுத்தத்தைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் செத்துவிட்டதா என்று இரவு நேரத் தொலைக்காட்சியைப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் தப்பில்லை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியப் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரியாது, வலிக்காது, காட்டிக்கொடுக்காது. தெரிந்தவர்களிலும் பலர் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள். பொடிகளை நான் எதிர்ப்பது இதனால்தான். ஒரு கரண்டிப் பொடி சும்மா இருந்தால் பரவாயில்லை. அது மாத்திரையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது பக்கவாதத்தில் போய் முடிகிறது.

பிரஷர் மாத்திரையையோ ஸ்டாட்டினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். மூலிகை சாப்பிடுகிறீர்கள் என்றால் வெட்கப்படாமல் டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள், மறைக்க மட்டும் வேண்டாம். முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அழுத்தம் இருப்பது தெரிந்தவர்களுக்கு மாத்திரையும் வீடு தேடி இலவசமாகவே வருகிறது.